விசுவாசத்துக்கு ஒரு சர்வே எண்

"உன் வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் இருக்கிறது." தமிழ்க் கிறிஸ்தவ வீட்டில் பிறந்த பிள்ளை முப்பது வயதுக்குள் இதை எத்தனை தடவை கேட்டிருக்கும்? வாலிபர் முகாமில் கேட்டிருக்கும். செல் குரூப்பில், புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில், யூடியூப் போதகரின் முப்பது விநாடித் துண்டில் கேட்டிருக்கும். 2002-ல் அமெரிக்கப் போதகர் ரிக் வாரன், நாற்பது நாளில் உன் நோக்கத்தைக் கண்டுபிடி என்று ஒரு புத்தகம் எழுதினார். கோடிக்கணக்கில் விற்றது. அந்தப் புத்தகத்தைத் தொடாதவர்களின் பிரசங்கத்திலும் இன்று அதன் வாடை அடிக்கிறது.

அந்த நோக்கம் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். நல்ல வேலை. நல்ல வரன். தடைபட்டிருந்த விசா. வீட்டுக் கடன் அடைந்தது. இதையெல்லாம் சாட்சி என்று மைக்கில் சொல்கிறோம், சபை அல்லேலூயா சொல்கிறது. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன் நான். காலாண்டுக்கு ஒரு தடவை மேனேஜர் ஒரு படிவம் அனுப்புவார். இந்த மூன்று மாதத்தில் உன் இலக்கு என்ன, எவ்வளவு எட்டினாய் என்று நிரப்பணும். ஞாயிற்றுக்கிழமை போதகர் கேட்பதும் திங்கட்கிழமை மேனேஜர் கேட்பதும் ஒரே கேள்வியாகிவிட்டது. வித்தியாசம், மேனேஜர் படிவத்தில் கடவுள் பெயர் இல்லை.

இந்தக் கட்டுரை விசுவாசத்துக்கு எதிரானது இல்லை. விசுவாசத்தை இவ்வளவு சின்னதாக்கி விற்பதற்கு எதிரானது. கிறிஸ்தவ விசுவாசம் அன்றாட வாழ்க்கையில் வாழப்படுகிறதா என்று பார்க்க என்னிடம் இருப்பது ஒரு கட்டைச் சோதனைதான்: அது ஏதாவது பதிவேட்டில் தடம் விட்டிருக்கிறதா? பட்டாவில், கூலிக் கணக்கில், கல்யாணப் பதிவேட்டில், கல்லறைத் தோட்டத்தின் வரைபடத்தில்? இருதயத்தில் நடந்தது கர்த்தருக்குத் தெரியும், சரி. பதிவேட்டில் நடந்தது பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தெரியும். இயேசு இந்த இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

சோதனை நான் கண்டுபிடித்தது இல்லை. எங்கள் மாவட்டத்தில் நூற்று முப்பது வருடத்துக்கு முன்பே கூலிக்காரர்கள் நடத்திப் பார்த்த சோதனை.

*

தென்னேரி, வாலாஜாபாத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவில் இருக்கும் ஊர். காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று இங்கே. ஒரு பக்கம் நெல், இன்னொரு பக்கம் கொஞ்ச தூரத்தில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகள். சட்டமன்றத் தொகுதிக் கணக்கில் நாங்கள் உத்திரமேரூர். பெயர் கேட்டதும் பள்ளிக்கூடப் பாடம் நினைவுக்கு வரும். குடவோலை முறை, பராந்தக சோழன் காலக் கல்வெட்டு, ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய தேர்தல். அரசியல் மேடைகளில் இதைச் சொல்லிப் பெருமைப்படாதவர் இல்லை.

அந்தக் கல்வெட்டு, ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதி யாருக்கு என்றும் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். நிலமும் மனையும் இல்லாதவனுக்குக் குடத்தில் ஓலை இல்லை. அது பிராமண சபையின் விதி, அந்தக் காலம் அப்படி என்று விட்டுவிடலாம். ஆனால் அதே வட்டாரத்தில் சுமார் 970 வருடம் கழித்தும் சொந்த மனை என்கிற அந்த ஒரு தகுதி பல ஆயிரம் குடும்பங்களுக்கு எட்டவில்லை.

1891-ல் அன்றைய செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தென்னேரியும் உத்திரமேரூரும் அன்று அந்த ஜில்லாவுக்குள் அடக்கம். அங்கே மிராசு முறை நடந்தது. ஊர் நிலத்தின் மேலும் தரிசின் மேலும் நத்தத்தின் மேலும் மிராசுதார் குடும்பங்களின் பிடி. தரிசு நிலத்தைக் கேட்டு யார் வேண்டுமானாலும் சர்க்காருக்குத் தர்காஸ்து மனு போடலாம் என்று விதி இருந்தது. ஆனால் அந்த நிலத்தின் மேல் முதல் உரிமை மிராசுதாருக்கு. படியாள் ஒருவன் துணிந்து மனு போட்டால், "எனக்கே வேணும்" என்று மிராசுதார் சொன்னால் போதும். குடிசை நிற்கும் மண்ணும் மிராசுதாருடையது என்றே சொல்லப்பட்டது. கூலி கூட்டிக் கேட்டாலோ வேறு ஆளிடம் வேலைக்குப் போனாலோ குடிசையைக் காலி பண்ணச் சொல்லலாம். பூட்டும் சங்கிலியும் இல்லாமலே ஆளைக் கட்டி வைக்கும் ஏற்பாடு இது. கட்டிப்போட்ட கயிறு மனை.

அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் தொடக்கம் அதுதான். ஒடுக்கப்பட்டவர்களுக்கு என்று ஒதுக்கி, அவர்கள் கையை விட்டுப் போகக்கூடாது என்று நிபந்தனை போட்டுத் தரும் நிலம்.

இதே வருடங்களில் இந்த ஜில்லாவில் மிஷனரிகளும் வேலை பார்த்தார்கள். திருவள்ளூர் அருகே ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச்சைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ. நிலம் கேட்கும் மனுக்களுக்கு ஆண்ட்ரூ துணை நின்றார். கூலிக் குடும்பங்களைக் குடியேற்றி மெல்ரோசாபுரம் என்று ஓர் ஊரே எழுந்தது. ஸ்காட்லாந்துப் பெயரோடு செங்கல்பட்டுப் பக்கம் இன்றும் இருக்கிறது அந்த ஊர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. தலித் விடுதலையை வெள்ளைக்காரப் பாதிரியார்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று கதை கட்டுவது பொய். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கிறிஸ்தவர் இல்லை. அவர் 1893-ல் 'பறையன்' பத்திரிகை தொடங்கி, அரசிடம் நேரடியாகவே கேட்டார். பின்னால் லண்டன் வட்டமேசை மாநாடு வரைக்கும் போய்க் கேட்டார். மிஷனரிகளைப் பற்றி எழுதும் ஆய்வாளர்களும் அவர்களைப் புனிதர்களாக்குவதில்லை. ரூபா விஸ்வநாத் 2014-ல் வெளியிட்ட ஆய்வு நூல், இந்த மாவட்டத்து ஆவணங்களை வைத்தே மிஷனரிகளின் தயக்கங்களையும் தோண்டி எடுக்கிறது. என் அக்கறை மிஷனரிகள் மேல் இல்லை. அவர்களிடம் வந்து கேட்டவர்கள் மேல்.

*

கேட்டவர்கள் என்ன கேட்டார்கள்? ஞானஸ்நானம் கேட்டார்கள். கூடவே மனை கேட்டார்கள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கேட்டார்கள், தாசில்தாருக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னார்கள். மிஷன் வட்டாரத்தில் உடனே ஒரு சந்தேகம் கிளம்பியது. இவர்கள் உண்மையிலேயே மனம் திரும்பினார்களா, வயிற்றுக்காக வந்தார்களா? அரிசிக் கிறிஸ்தவர் என்கிற வசைச்சொல் உலகம் முழுக்கப் புழங்கிய காலம் அது. அந்த வசை இன்றும் செத்துப்போகவில்லை. மதம் மாறியவர்களைத் திட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். அதைவிட வேதனை, இரண்டு தலைமுறை படித்து நகரத்துக்கு வந்துவிட்ட கிறிஸ்தவர்களும் கிராமத்துச் சபையைப் பற்றி அதே தொனியில் பேசுகிறார்கள். "அவங்கள்லாம் ஏதாவது கெடைக்கும்னு வந்தவங்க."

நான் சொல்கிறேன், அந்தக் கூலிக்காரர்களின் இறையியல் சரி. சந்தேகப்பட்டவர்களின் இறையியல்தான் தப்பு.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவ மன்னிப்பு அதில் வருவதற்கு முன்னாலேயே அன்றன்றைய சாப்பாடு வந்துவிடுகிறது. சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் மனம் திரும்பியதற்கு அடையாளமாக என்ன சொன்னான்? சமாதானம் கிடைத்தது என்று சொல்லவில்லை. பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், யாரிடம் அநியாயமாக வாங்கினேனோ அவர்களுக்கு நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்றான். தொகை சொன்னான், சதவீதம் சொன்னான். இரட்சிப்பு இந்த வீட்டுக்கு வந்தது என்று இயேசு சொன்னது அந்தக் கணக்கைக் கேட்ட பிறகுதான். யாக்கோபு எழுதிய நிருபத்தில் மோதிரம் போட்ட பணக்காரனுக்கு நல்ல நாற்காலியும் கந்தல் கட்டிய ஏழைக்குத் தரையும் கொடுக்கும் சபைக்கு விழும் திட்டு, இன்றைக்குப் படித்தாலும் காது சிவக்கும். அறுவடை செய்தவனின் கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கத்தும் என்கிறது அதே நிருபம். வயிறும் மனையும் கூலியும் ஆவிக்குரிய விஷயங்கள் இல்லை என்று சொல்பவர் வேதாகமத்தில் பாதியைக் கத்தரித்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.

ஆக, செங்கல்பட்டுக் கூலிக்காரன் ஒரு கையில் ஞானஸ்நானமும் மறு கையில் தர்காஸ்து மனுவுமாக நின்றபோது, அவன் இரண்டு வேறு காரியங்களைச் செய்யவில்லை. கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் நான் என்று சபையில் சொன்னதைத்தான் கச்சேரியில் மனுவாக எழுதிக் கொடுத்தான். அன்றாட வாழ்க்கையில் நோக்கத்தோடு விசுவாசத்தை வாழ்வதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் என்னிடம் இல்லை. அந்த நோக்கத்துக்கு ஒரு சர்வே எண் இருந்தது.

*

"சரி, அது மிராசுதார் செய்த கொடுமை. நம்ம சபையில அப்படியா?"

அப்படித்தான். தமிழ்க் கிறிஸ்தவம் சாதியைச் சபை வாசலில் கழற்றி வைத்ததே இல்லை. 1833-ல் கல்கத்தா ஆங்கிலிகன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குவதைவிடச் சபையை விட்டுப் போவதே மேல் என்று தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலர் கிளம்பினார்கள். அவர்களின் விசுவாசம் இருதயத்தில் இருந்ததா? இருந்திருக்கும். பாட்டு எழுதினார்கள், பஜனை பாடினார்கள். பாத்திரம் வந்தபோது இருதயம் உதவவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயில், வெவ்வேறு சாதியார் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காணும்படி 1872-ல் கட்டப்பட்டது. உள்ளே இருந்த இடைச்சுவர் 1910-ல் இடிக்கப்பட்டபோது, சுவர் வேண்டும் என்று ஒரு தரப்பு வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சாதிச்சுவர் நின்றது. உயிர்த்தெழுதல் நாளில் எக்காளம் ஊதும்போது எந்தப் பக்கம் முதலில் எழுந்திருக்கும் என்று அதைக் கட்டியவர்கள் யோசித்திருப்பார்களோ என்னவோ.

இதெல்லாம் தாத்தா காலத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். வன்னியக் கத்தோலிக்கர்கள் எதிர்த்தார்கள். கலவரம் வெடித்தது. போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். எல்லோரும் ஒரே ஜெபமாலை சொல்கிறவர்கள். 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தலித் மக்கள் குறித்த கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. கத்தோலிக்கர்களில் பெரும்பான்மை தலித்துகளாக இருக்கும் நாட்டில், ஒரு தலித் முதன்முதலாகக் கர்தினால் ஆனது 2022-ல்தான். ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா.

நகரத்து இளைஞருக்கு இதுவும் தூரத்துச் செய்தியாகப் படலாம். அப்படியானால் கைப்பேசியை எடுத்து ஒரு கிறிஸ்தவ மேட்ரிமோனி தளத்தைத் திறந்து பாருங்கள். "மறுபடியும் பிறந்த, தேவபயமுள்ள, ஜெபிக்கிற மணமகள் தேவை" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்தில் சாதியையும் உட்பிரிவையும் நிரப்பியிருக்கும் விளம்பரங்கள் எத்தனை! மறுபடியும் பிறந்தவர்கள் மறுபடியும் அதே சாதியிலேயே பிறந்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குக் கர்த்தருடைய சித்தம் கேட்டு நாற்பது நாள் உபவாசம் இருக்கிறோம். கர்த்தரின் சித்தம் ஒரு தடவைகூடத் தெரு தாண்டிப் போவதில்லை.

*

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. நோக்கம் பேசும் பிரசங்கத்தில் அது வருவதே இல்லை.

"வெட்கப்படாமல் இயேசுவை அறிக்கை செய்" என்று மேடையில் சொல்வது சுலபம். சாட்சி சொன்னதால் சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்கு எதுவும் குறையாது. பட்டியல் சாதியில் பிறந்தவருக்குக் குறையும். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்று சொன்னது. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார்கள். ஊர் அவரை நடத்தும் விதம் மாறாது. காலனி அதே காலனி. சான்றிதழ் மட்டும் மாறும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுச் சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருப்பவர் வேலைக்காக மட்டும் இந்து என்று உரிமை கோர முடியாது என்று அவர் மனுவைத் தள்ளியது.

இதனால்தான் வீட்டில் பைபிளும் சான்றிதழில் இந்து என்கிற வார்த்தையுமாக எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களை இரட்டை வேடம் என்று சபையும் திட்டுகிறது, வெளியாளும் திட்டுகிறான். ஒரு குடும்பம் பிள்ளையின் படிப்புக்கும் ஞானஸ்நானப் பதிவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும்போது, அவர்களின் விசுவாசம் என்னுடையதைவிட நூறு மடங்கு விலை கொடுக்கிறது. எனக்கு என் விசுவாசத்தால் ஆன செலவு என்ன? தசமபாகம். அதற்கும் சபை ரசீது கொடுத்துவிடுகிறது. சாட்சி சொல்லும் மைக் என் கையிலும் விலை அவர்கள் தலையிலும் இருக்கிற ஏற்பாட்டுக்கு நோக்கமுள்ள வாழ்வு என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

*

இந்த இடத்தில் வழக்கமான ஆட்சேபம் வரும். "பிரதர், நீங்க பேசுறது அரசியல். சபை அரசியலுக்கு வரக்கூடாது."

மிராசுதாரிடம் மனை கேட்டது அரசியல் என்றால், அதை அனுபவித்துக்கொண்டு சும்மா இருந்தது என்ன? அதுவும் அரசியல்தான், ஜெயித்தவன் அரசியல். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தான் உட்கார்ந்திருப்பது தெரியாது. தரையில் இருப்பவன் எழுந்தால்தான் சத்தம் கேட்கும், உடனே அரசியல் என்போம்.

1994 அக்டோபர் 10-ஐ நினைவில் வையுங்கள். காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டவர்கள் செங்கல்பட்டில் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் இறந்தார்கள். ஒரு பெயர் வேதாகமத்திலிருந்து வந்தது, இன்னொரு பெயர் திருப்பதியிலிருந்து. பெயரை வைத்து யாருடைய விசுவாசத்தையும் நான் அளக்கப் போவதில்லை. ஆனால் 1892-ல் எழுதித் தந்த வாக்கை நூறு வருடம் கழித்து ஞாபகப்படுத்தப் போனவர்கள் இவர்கள். வருடா வருடம் புது வாக்குத்தத்தம் அச்சடிக்கும் நம் சபைகள், பழைய வாக்குத்தத்தம் ஒன்றுக்காகச் செத்துப்போன இவர்கள் பெயரை ஒரு ஞாயிறாவது சொல்லியிருக்கலாம். நான் உட்கார்ந்த எந்த ஆராதனையிலும் சொல்லிக் கேட்டதில்லை.

இன்னும் கிட்டே வருகிறேன். தென்னேரியிலிருந்து எட்டும் தூரத்தில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கணும், கூலி கூடணும் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். சங்கம் கடைசியில் 2025 ஜனவரியில் பதிவானது. அந்த 37 நாளில் இந்த வட்டாரத்துச் சபைகளில் ஐந்து ஞாயிறு வந்துபோனது. உங்கள் சபை ஜெபக் குறிப்பில் வேலைக்காக ஜெபிக்கச் சொல்லியிருப்பார்கள். வேலை செய்கிறவர்களுக்காக ஜெபிக்கச் சொன்னார்களா? "வேலை வாசல் திறக்கட்டும்" என்று ஜெபிக்கிறோம். வாசல் திறந்து உள்ளே போன பிறகு பன்னிரண்டு மணி நேர ஷிப்டில், ஒப்பந்தத் தொழிலாளி என்கிற பெயரில், பக்கத்தில் நிற்கிறவனுக்குப் பாதிச் சம்பளத்தில் என்ன நடக்கிறது என்று அதே கடவுளிடம் சொல்ல வேண்டாமா? அறுவடைக் கூலி கத்துகிறது என்று எழுதிய யாக்கோபு இன்று இங்கே இருந்தால், வயலுக்கு மட்டுமா போவார், சிப்காட் வாசலுக்கும் போவார்.

இன்னொரு ஆட்சேபம் எதிர்ப் பக்கத்திலிருந்து வரும். இலக்கியம் படிக்கிற நண்பர்கள் கேட்பார்கள்: "இதுக்கு எதுக்கு மதம்? மனு போட மார்க்ஸ் போதும், அம்பேத்கர் போதும்." போதும்தான். ஆனால் செங்கல்பட்டுக் கூலிக்காரன் மிராசுதாருக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற அந்த முதல் நாளுக்கு ஒரு தைரியம் வேண்டியிருந்தது. நீ யாருடைய ஆளும் இல்லை, உன்னை உண்டாக்கியவருடைய ஆள் என்று யாரோ அவனிடம் சொன்னார்கள், அவன் நம்பினான். அந்த நம்பிக்கையை நான் கேலி செய்ய மாட்டேன். அம்பேத்கரே சட்டத்தோடு நிறுத்தவில்லை, 1956-ல் லட்சக்கணக்கானவர்களோடு தம்மம் ஏற்றார். மனிதன் நிமிர்வதற்குச் சட்டமும் வேண்டும், நிமிரலாம் என்கிற நம்பிக்கையும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

*

"அப்ப என்னதான் பண்ணணும்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வசை மட்டும் பாடிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது.

படித்த, இன்டர்நெட் தெரிந்த, ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் கையில் இருக்கிற கிறிஸ்தவ இளைஞருக்கு ஒரு ஊழியம் காத்திருக்கிறது. உங்கள் பெற்றோர் ஊரையோ சபை இருக்கும் ஊரையோ எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் சர்வே எண்ணைத் தட்டினால் 'அ' பதிவேடு வருகிறது. பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் எந்தெந்த எண்கள் பஞ்சமருக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தன என்று பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தரணும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அட்டவணை போடுங்கள். இன்று யார் பெயரில் இருக்கிறது, நடுவில் எப்படிக் கைமாறியது? ஆயிரம் வரி கோடில் ஒரு பிழையைத் தேடுகிற நமக்கு நாற்பது சர்வே எண் பெரிய வேலையா? அட்டவணையை அந்த ஊர்க் காலனி மக்களிடம் கொடுங்கள். அதை வைத்து என்ன செய்வது என்று அவர்கள் முடிவெடுக்கட்டும். தலைவராகப் போக வேண்டாம், எழுத்தராகப் போங்கள். ஆண்ட்ரூவிடம் வந்தவர்களும் எழுதித் தரும் ஆளைத்தான் தேடினார்கள்.

அடுத்தது உங்கள் சபையின் பதிவேடு. சபைக்கு எவ்வளவு நிலம், யார் குத்தகை? கோயில் கூட்டுகிறவருக்கும் கல்லறைக் குழி வெட்டுகிறவருக்கும் மாதச் சம்பளம் எவ்வளவு, அது அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கு மேலா கீழா? கமிட்டியில் கடந்த பத்து வருடமாக எந்தெந்தத் தெருக்காரர்கள் இருந்தார்கள்? கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலை யாருக்கு? ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். முகம் சுளிப்பார்கள். "தம்பி, இதெல்லாம் ஆவிக்குரிய கூட்டத்துல பேசற விஷயமா" என்பார்கள். சகேயு வீட்டில் பேசினார்களே என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, உங்கள் வீட்டுப் பதிவேடு. வாடகைக்கு விடும்போது என்ன கேட்கிறீர்கள், வேலைக்காரம்மாவுக்கு எந்த டம்ளர், வரன் பார்க்கும்போது தரகரிடம் தாழ்ந்த குரலில் என்ன சொல்கிறீர்கள். இவற்றுக்கு மைக்கும் சாட்சியும் கிடையாது. ஆனால் விசுவாசம் வாரத்தில் ஆறு நாள் குடியிருக்கும் முகவரி இதுதான்.

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனு எழுதும் முன்னால் ஜெபம் பண்ணுங்கள், பதில் வராத முப்பத்தோராவது நாளில் மேல்முறையீடு எழுதும் முன்னாலும் பண்ணுங்கள். தாலுகா ஆபீஸ் பெஞ்சில் மூன்றாவது தடவை உட்காரும்போது ஜெபம் எதற்கென்று யாரும் சொல்லித்தராமலே புரியும்.

இந்த டிசம்பர் 31 நள்ளிரவிலும் வாக்குத்தத்த அட்டைத் தட்டு உங்கள் முன் வரும். எடுத்துக்கொள்ளுங்கள், நானும் எடுத்துக்கொள்வேன். அட்டையின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். அதில் ஒரு ஊரின் பெயரும் ஒரு சர்வே எண்ணும் எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் காட்டி, இதற்காக யார் யார் கூட வருகிறார்கள் என்று சபையில் கேட்கச் சொல்லுங்கள்.